தாய்மாமன் சீரும் மிஸ்ஸிங் அடித்த பிக்கப்பும்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எல்லாம் கிடைக்கும். மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி கிடைக்கும். வேண்டாம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கு வழியாக இன்னொரு வடை கிடைக்கும். கிடைக்காத ஒன்றே ஒன்று, "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை. (கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நாம்தான் கேட்பதில்லை.)

என் கதையில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். நானும் பவித்ராவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். அவள் மாகறலில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். என் மாமனார் சரி என்று சொல்வதற்குள் எங்கள் காதல் இரண்டு பொங்கலைப் பார்த்துவிட்டது. ஆனால் சரி என்று சொன்ன நாளிலிருந்து மனிதர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் தும்மினால்கூட "மாப்ளைக்கு இன்னாபா ஆச்சு?" என்று வீடு முழுக்கக் கேட்பார்.

அவருடைய சொந்தக்காரர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தறிக்காரப் பையன்பா. நாளைக்கி நம்ம வூட்ல ஒரு மோட்டார் ரிப்பேர்னா இவுரு வந்து இன்னா பண்ணுவாரு, புடவை கட்டி வுடுவாரா?" என்று பவித்ராவின் பெரியப்பா ஒருவர் எங்கள் கல்யாணப் பந்தியிலேயே, நான் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கேட்கவேண்டும் என்றே கேட்டார். (அதற்குப் பிறகு பாயசம் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. நல்ல பாயசம்.)

உண்மையில் நான் தறியில் உட்காருகிறவன்கூட இல்லை. அப்பா நெய்வார். நான் கம்ப்யூட்டரில் புடவைக் கரைக்கு டிசைன் போடுவேன். மயிலுக்குக் கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் என் தொழில். இப்படிப்பட்டவன் கையில்தான் ஒரு நாள் காலையில் ஒரு இன்ஜின் சிக்கியது.

பவித்ராவின் அக்கா ரேவதியைக் கூரத்தில் கொடுத்திருக்கிறார்கள். ரேவதியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் மைத்துனன் தினேஷ், பவித்ராவின் தம்பி. சீர்த் தட்டுகளோடு அவன் போய் இறங்கினால்தான் அங்கே எதுவும் தொடங்கும். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தம் மொத்தமும் கூடும் முதல் விசேஷமும் அதுதான். "நம்ம மாப்ள" என்று என்னைக் கையைப் பிடித்து எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மாமனார் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தார். அவருக்கு அல்ல, எனக்கு.

சீரை ஏற்றிப் போக வீட்டில் ஒரு பிக்கப் இருந்தது. முன்னால் மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் வண்டி. ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்ததாகச் சொன்னார்கள். இடது பக்கக் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். உள்ளே இருப்பவர் இறங்க வேண்டும் என்றால் ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டும். ஆனால் அந்த வண்டி கரும்பு சுமந்திருக்கிறது, கல்யாணப் பந்தல் சுமந்திருக்கிறது, ரேவதி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனதும் அதில்தான். மாமனார் அதைப் பற்றிப் பேசும்போது "அது" என்று சொல்லமாட்டார். "அவன்" என்பார்.

அன்று காலை தட்டுகளை எல்லாம் ஏற்றிவிட்டு மாமனார் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. ஆனால் குலுங்கிக்கொண்டே கிளம்பியது. டுப் டுப் டுப்... கொஞ்சம் இடைவெளி... டுப் டுப் டுப்... மறுபடியும் இடைவெளி. நொண்டுகிறவன் நடப்பது போல இருந்தது சத்தம்.

"மிஸ்ஸிங் அடிக்குது" என்றார் மாமனார். முகம் வாடிவிட்டது.

வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். அவர் மச்சினிச்சி கல்யாணத்துக்குத் திருத்தணியில் இருந்தார். மேளச் சத்தத்தில் இவர் பேசியது அவருக்குக் கேட்கவில்லை, அவர் பேசியது இவருக்குக் கேட்கவில்லை. வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் பெரிய முகூர்த்த நாள், சுற்றுவட்டாரத்தில் உருளக்கூடியது எல்லாம் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தது.

"நான் பைக்ல முன்னாடி பூடட்டுமாபா?" என்று கேட்டான் தினேஷ்.

"தாய்மாமன் முன்னால போவான், சீர் பின்னால வருமா? உங்க அக்கா மாமியார் வூட்ல இன்னா நெனைப்பாங்க?" என்று மாமியார் ஒரே அதட்டலில் பைக்கை ஓரம் கட்டினார்.

எல்லோரும் வண்டியைச் சுற்றி, உடம்பு சரியில்லாத உறவினரைப் பார்க்க வந்தவர்கள் போல நின்றார்கள். அந்த அமைதியில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நான் வேணா பாக்கட்டுமா மாமா?"

இது ஒரு மரியாதைக்காகச் சொன்னது. விருந்து முடிந்ததும் "இலையை நானே எடுக்கறேன்" என்று சொல்வோம் இல்லையா, அந்த வகை. "ஐயோ வேணாம் மாப்ள" என்று பதில் வர வேண்டும், நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் நடைமுறை. ஆனால் மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது.

"பாருங்க மாப்ள" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

பவித்ரா என் காதருகே வந்தாள். "ஏங்க, உங்க ஸ்கூட்டர்ல ஆயில் எங்க ஊத்தணும்னு தெரியுமா?"

"நிறைய வீடியோ பாத்திருக்கேன்."

"சமையல் வீடியோகூடத்தான் பாக்கறீங்க" என்றாள். நியாயமான பேச்சுதான்.

ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்குத் துணையாக ரிப்பேர் வீடியோ பார்ப்பது என் வழக்கம். நான்கு சிலிண்டர் உள்ள பெட்ரோல் இன்ஜினில் நான்கு ஸ்பார்க் பிளக் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஒயர் தொப்பி போல மாட்டியிருக்கும். வண்டி ஓடும்போதே ஒவ்வொரு தொப்பியாகக் கழற்ற வேண்டும். கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது, மாட்டிவிடலாம். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருக்கும் பேர்வழி. இவ்வளவும் எனக்குத் தெரியும். தவிர, ஆயிரக்கணக்கான இழை ஓடும் தறிப் பாவில் அறுந்த ஒரே ஒரு இழையைக் கண்டுபிடிக்கும் பரம்பரை நான். நாலே நாலு ஒயர் எனக்கு எந்த மூலைக்கு?

சாவியை மாமனாரிடமே திருப்பிக் கொடுத்து வண்டியை ஓடவிடச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்தேன். ஓடுகிற இன்ஜினை அவ்வளவு கிட்டத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. வீடியோவில் அது நடுங்காது, சூடாக இருக்காது, நம் புதுச் சட்டையைப் பிடித்து இழுக்கப் பார்க்காது. முதல் தொப்பியை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். இன்ஜின் ஒரு முறை உதறியது. நானும் உதறினேன்.

"மாமா, வண்டிய ஆஃப் பண்ணிடுங்க. மொத்தமா சுத்தம் பண்ணிடலாம்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது. ஓடுகிற வண்டியில் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதை, நின்ற வண்டியில் நான்கையும் ஒன்றாகப் பிடுங்கினேன். நான் பிடுங்கப் போகும் நேரத்தில் தினேஷ் ஓடிவந்து, திறந்த பானெட்டும் நானும் தெரியும்படி ஒரு செல்ஃபி எடுத்து, "எங்க மாமா ஆல்ரவுண்டர்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு போட்டான். மாமியார் கொடுத்த பழைய துணியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் குத்துவிளக்கு துடைப்பது போலத் துடைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், கையில் நான்கு கறுப்பு ஒயர், ஒன்றில் மட்டும் ஒரு சுற்று வெள்ளை டேப். எது எங்கே இருந்தது என்று என்னைத் தவிர யாரைக் கேட்டாலும் பரவாயில்லை என்கிற நிலைமை.

நீளத்தை வைத்து முடிவு செய்தேன். நீளமானது தூரத்துக்கு, குட்டையானது பக்கத்துக்கு. நடுவில் இருந்த இரண்டும் ஒரே நீளம். எது எதுவாக இருந்தால் என்ன, இரண்டும் ஒயர்தானே என்று மாட்டிவிட்டேன். (இந்த இடத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். என் அப்பா கேட்டபோது அப்படித்தான் செய்தார்.)

மாமனார் சாவியைத் திருப்பினார்.

டமார்!

வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. மாமியார் கையிலிருந்த தட்டில் கற்பூரம் அணைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ "கேஸ்! கேஸ்!" என்று கத்தினார்கள். புகை விலகியதும் பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்பு நொண்டியது, இப்போது தவழ்ந்தது. நடுநடுவே வெடித்தது.

"இன்னா மாப்ள, இப்பிடி வெடிக்குது?"

"அது ஒண்ணுமில்ல மாமா. இத்தினி நாளா உள்ள அடைச்சிக்கினு இருந்தது வெளிய வருது."

இதைச் சொன்னது என் வாய்தான். நானே கேட்டேன்.

"ஓகோ, சளி மாதிரி" என்றார் மாமனார், முழு நம்பிக்கையோடு. "வந்துடட்டும். வெளிய வந்தாத்தான் நல்லது."

மாமனார் ஓட்ட, மாமியாரும் பவித்ராவும் முன்னால் உட்கார, நானும் தினேஷும் சீரோடு பின்னால் ஏறிக்கொண்டோம். மாப்பிள்ளை பின்னால் உட்காருவதா என்று மாமனார் தவித்தார். சத்தத்தைப் பின்னாலிருந்து கேட்டால்தான் எனக்குப் பிடிபடும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

பாலாற்றுப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்தினார். முந்தும்போது வண்டி வெடித்தது. அவர் அதற்குப் பிறகு அன்று முழுக்க வேகமாகத்தான் ஓட்டியிருப்பார். ஊருக்குள் நுழைந்தோம். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைத் தெருவில் நுழைகிற எந்த வண்டியையும் கடைக்கு இழுக்கும் ஆட்கள் விட்டதில்லை. "புடவ பாருங்க சார், நேரா தறி வெல" என்று பேருந்தைக்கூடத் துரத்துவார்கள். அவர்கள் பயந்து பின்வாங்கி ஓடியதை நான் பார்த்த ஒரே வண்டி எங்களுடையது. அதில் இரண்டு பேர் எனக்குப் பழக்கம் வேறு. ஒரு பெரிய வாழைத்தாரின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்துவிட்டார். "இன்னாபா, கட்சி ஊர்வலமா? வெடிக்கு பர்மிஷன் வாங்கினியா?"

மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வெடி இல்லீங்க சார். எங்க மாப்ள வண்டிய சரி பண்ணிக்கினு இருக்காரு. அடைப்பு எடுத்துக்கினு வருது."

"மாப்ள எங்க?"

"பின்னால."

காவலர் பின்னால் வந்து பார்த்தார். மடியில் பலகாரத் தட்டு, கழுத்துக்கு மேல் வாழைத்தார், முகத்தில் கரி. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "போங்க. பாவம், போங்க" என்று மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

கூரத்தில் நாங்கள் வந்து சேருவதற்கு முன்பே எங்கள் சத்தம் வந்து சேர்ந்திருந்தது. தெருமுனையில் திரும்பும்போது பந்தலில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரேவதியின் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய், ஆரத்தி எடுத்தாங்கடி! தாய்மாமன் வெடியோட வர்றாருப்பா! சீர்னா இதான்பா சீர்!"

மேளம் மறுபடியும் முழங்கியது. பெண்கள் ஆரத்தியோடு ஓடிவந்தார்கள். கல்யாணத்தில் என்னைக் கிண்டல் செய்த அதே பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "வெடியெல்லாம் மாப்ள செலவா இருக்கும். பட்டுக்காரங்க இல்ல? தாராளமாத்தான் செய்வாங்க" என்றார். மாமனார் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று உயர்ந்திருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

என்னைக் கையைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார். "எங்க மாப்ள. காலைல வண்டி மிஸ்ஸிங். மெக்கானிக் இல்ல. இவுருதான் கைய வெச்சாரு." எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டு, என்னைத் தனியாக ஓரம் கட்டிக் கேட்டார், "மாப்ள, திரும்பிப் போவ சொல்லோ அடைப்பு பூரா வெளிய வந்துடும் இல்ல?"

"வந்துடும் மாமா" என்றேன்.

அவர் பந்தலுக்குள் போனதும் நான் வண்டிக்குப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் உள்ளே. இப்போதாவது அந்த வீடியோவில் சொன்னபடி ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஒரு கையால் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டினேன்.

பந்தலுக்குள் அதே நேரத்தில் யாழினி தினேஷ் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காது குத்த வந்த நகைப் பத்தர் இரண்டு காதிலும் பொட்டு வைத்துக் குறி போட்டிருந்தார். இடது காது முடிந்துவிட்டது. அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் வலது காதைக் காட்ட அவள் தயாராக இல்லை. "தலைய ஆட்டாம புடிங்கபா" என்று பத்தர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு வெளியே கேட்டது.

அப்போதுதான் என் முழங்கை ஒரு ஒயர் மேல் பட்டது.

யாரோ முழங்கையில் சுத்தியலால் அடித்தது போல ஒரு ஷாக். "அம்மா!" என்று கத்தியபடி பின்னால் எகிறினேன். எகிறும்போது கேபிளை விடத் தோன்றவில்லை. இன்ஜின் ஒரு உறுமு உறுமியது. காலையிலிருந்து வெடித்தது எல்லாம் ஒத்திகை என்று ஆக்கிவிடும்படி ஒரு வெடி வெடித்தது. பந்தல் துணி படபடத்தது.

பந்தலுக்குள் அமைதி. யாழினியின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. கண்ணை அகல விரித்து வெளியே பார்த்தாள். பத்தர் தன் கையைப் பார்த்தார், பிறகு அவள் காதைப் பார்த்தார். குத்தியாகிவிட்டது. அவளுக்கே தெரியவில்லை. "டமா!" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ரேவதி கம்மலைப் பார்த்தாள். "ஐயோ, பத்தரே, இது கொஞ்சம் மேல இருக்குதே!"

"நான் இன்னாமா பண்றது? சத்தத்துல கை ஒரு எள்ளு மேல பூட்டுது" என்றார் பத்தர். "என் கைல இது மாதிரி ஆனதே இல்ல."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் நான், முகமெல்லாம் கரியாக. என் கண் மாமனாரை மட்டும் தேடியது. அவர் எழுந்து வெளியே வந்தார். வண்டி ஓரமாக இருவரும் நின்றோம்.

"மாமா, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது."

அவர் என் கையை எடுத்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாது மாப்ள" என்றார் மெதுவாக. "இத்தினி வருசமா ஓட்டறேன், இந்த மூடியத் தொறந்து பாத்ததில்ல. நீங்க பாக்கறேன்னு சொன்னீங்க. அதுவே எனக்குப் போதும்னு இருந்துது."

நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த நல்ல நேரத்தைப் பவித்ரா வந்து கலைத்தாள். கையில் தம்பியின் போன். "அழுவறத அப்பறம் வெச்சிக்கோங்க. இத பாருங்க." தினேஷின் ஸ்டேட்டஸ் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். என் பெருமிதமான முகத்துக்குப் பின்னால், கழற்றுவதற்கு முன் இருந்த நான்கு ஒயர்களும் தெளிவாகத் தெரிந்தன. "வெள்ள டேப் சுத்துனது மூணாவதுல இருக்குது. நீங்க ரெண்டாவதுல மாட்டி வெச்சிருக்கீங்க. கரைல மயில் தலைகீழா நின்னா மட்டும் கண்டுபுடிப்பீங்க!"

வண்டியை நிறுத்திவிட்டு நடு ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினோம். அப்போதுதான் என் முழங்கை பட்ட ஒயரைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் எலி கடித்து ரப்பர் பெயர்ந்து உள்கம்பி எட்டிப் பார்த்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பாதி வழியிலேயே இறங்கி இன்ஜின் உடம்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மிஸ்ஸிங்குக்குக் காரணம் அவ்வளவுதான். சீரியல் பல்பு கட்ட வந்தவரிடம் இன்சுலேஷன் டேப் வாங்கி நானே சுற்றினேன். பட்டாடை உடுத்துவது போல அழுத்தி அழுத்திச் சுற்றினேன். மாமனார் சாவியைத் திருப்பினார். டுப் டுப் டுப் டுப் என்று இடைவெளி இல்லாமல், ஓசையே இல்லாத மாதிரி ஓடியது வண்டி. மேளக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம்.

அந்த டேப் சில நாள்தான் தாங்கியது, பிறகு மெக்கானிக் வந்து ஒயரை மாற்றினார். ஆனால் மாமனார் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லும் கதை வேறு. "மெக்கானிக்கெல்லாம் டெஸ்டர் வெச்சிப் பாப்பான். எங்க மாப்ள கைய வெச்சே பாத்துடுவாரு." யார் வீட்டு மோட்டார் நின்றாலும் எனக்குப் போன் வரும். "மாமா, கொஞ்சம் முழங்கைய எடுத்துக்கினு வர்றீங்களா?" என்று கேட்பான் தினேஷ்.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வலது காதுக் கம்மல் இடதைவிட ஒரு எள்ளளவு மேலேதான் இருக்கிறது. ரேவதி வேறு ஓட்டை போட்டுவிடலாம் என்று சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவளைத் தனியாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். போட்டோகிராபர் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, தலைய சாய்க்காத, நேரா வெச்சிக்கோமா" என்றார்.

"நான் நேராத்தான் நிக்கறேன் அங்கிள்" என்றாள் யாழினி. "எங்க சித்தப்பா வண்டி ரிப்பேர் பண்ணாரு."

போட்டோகிராபருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் குடும்பம் மொத்தமும் குலுங்கிச் சிரித்ததில் அடுத்த நான்கு படங்களும் ஆடிப்போய்விட்டன. அவற்றில் எல்லோரையும்விடத் தெளிவில்லாமல் விழுந்திருப்பது என் மாமனார்தான்.